முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும் அசேலியாவுக்கு ஆகாது

சிங்கப்பூரின் யீஷூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுக்காரர்கள் இவருக்கு ஒரு அசேலியாத் தொட்டி கொடுத்தார்கள். இலையே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்புப் பூக்கள். வீட்டு வாசல் நடைபாதையில் வைத்தார். சில வாரங்களில் பூ உதிர்ந்தது, பின்னாலேயே இலையும் உதிர ஆரம்பித்தது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டார். அரிசி கழுவிய தண்ணீர் விட்டார். குளிர்நாட்டுச் செடியாயிற்றே என்று ராத்திரியில் மண்மேல் ஐஸ் கட்டி வைத்தார், ஏர்கான் ஓடும் அறைக்குள் தூக்கி வந்தார். இப்போது ஜூலை. நாலைந்து நீளக் குச்சிகளும் நுனியில் கொஞ்சம் இலையும்தான் மிச்சம். “கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த செடி பட்டுப்போனால் ஆகாது என்று என் அம்மா சொல்வார்கள்” என்று எழுதுகிறார்.

அடுத்த கவலை நியூசிலாந்தில். மகள் கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கிய வீட்டில், முன்பு இருந்தவர்கள் நட்ட குட்டை அசேலியாக்கள் இரண்டு இருக்கின்றன. கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தை ஒட்டிய செடியின் இலைகள் மஞ்சளாகிவிட்டன. மற்றொன்றை மகள் போன ஜூனில் உருண்டையாக வெட்டிவிட்டார். அக்டோபரில் அதில் பெயருக்குச் சில பூக்கள்தான். இந்தக் குளிர்காலத்தில் இலையும் கொட்டுகிறதாம். பூச்சி வராமல் இருக்க விறகு அடுப்புச் சாம்பலை வேரடியில் போடச் சொன்னது நம் வாசகிதான். வரும் அக்டோபரில் அங்கே போகிறார். இங்குள்ள செடியில் ஒரு கிளையை வெட்டிக் கொண்டுபோகலாமா, திரும்பும்போது அங்கிருந்து ஒன்றைக் கொண்டுவரலாமா, இங்கே வருடா வருடம் பூக்க வைக்க வழி இருக்கிறதா என்பவை இவருடைய கேள்விகள். ஒன்றரை வயதுப் பேரன் இருப்பதையும், பூவை முருகன் படத்துக்கு வைத்து, தீர்த்தச் சொம்பிலும் இரண்டு இதழ் போட்டதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அம்மா, முதலில் எதிர்வீட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். சாப் கோ மே (சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள்) கழிந்த வாரத்தில் உங்கள் புளோக்கின் கீழே குப்பை சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். குட்டி ஆரஞ்சு மரங்களும் பூத்து முடிந்த தொட்டிகளும் வரிசையாக நிற்கும். அசேலியாவும் அந்த வரிசைதான். கொடுத்தவர்களுக்கும் அது பண்டிகைக்கான பூ. ஜூலை வரை நீங்கள் வைத்திருப்பது தெரிந்தால் ஆச்சரியப்படுவார்கள். சகுனம் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் செடி வாடியதற்குக் காரணம் முழுக்க முழுக்க வெப்பமும் வேரும்தான்.

நடைபாதைத் தொட்டிக்கு என்ன ஆயிற்று

புத்தாண்டுச் சந்தைக்கு வருகிற அசேலியாக்கள் பெரும்பாலும் ‘இண்டிகா’ வகை. சீனாவைச் சேர்ந்த சிம்சியை என்ற இனத்திலிருந்து பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துத் தோட்டக்காரர்கள் தொட்டிப் பூவுக்காகவே பெருக்கியவை. கோடையின் பிற்பகுதியில் இவை மொட்டுக் கட்டும். கட்டிய மொட்டு அப்படியே உறங்கும். அது விழித்து விரிய வேண்டுமானால் பெரும்பாலான வகைகளுக்குச் சுமார் 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே, நாலு முதல் ஆறு வாரம் குளிர் வேண்டும். பண்ணைக்காரர்கள் அந்தக் குளிரைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, பண்டிகை நாளுக்குப் பூ விரியும்படி அனுப்புகிறார்கள். உங்கள் வீட்டில் விரிந்த பூக்கள் வேறெங்கோ பட்ட குளிரின் பலன்.

சிங்கப்பூரில் ராத்திரியிலும் 24, 25 டிகிரி. உங்கள் ஏர்கானும் ஏறக்குறைய அதே அளவில்தான் ஓடும். கூடவே காற்றைக் காய்ந்துபோகச் செய்யும். அது அசேலியாவுக்கு இன்னும் மோசம். ஐஸ் கட்டியால் மேல்மண் சில நிமிஷம் சில்லிடும், அவ்வளவுதான். மொட்டுக்கு வேண்டிய குளிர் வாரக் கணக்கில் வேண்டும், கிளையிலும் வேண்டும். யாராவது ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள், அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் குளிர் போதும்தான். ஆனால் பக்கத்திலேயே ஆப்பிளும் பப்பாளியும் இருக்கும். பழம் விடுகிற எத்திலீன் வாயு இலையை உதிர்த்துவிடும். வெளிச்சமும் கிடையாது. மொட்டே இல்லாத செடியை எவ்வளவு குளிர வைத்தாலும் பூ வராது என்பது வேறு.

செடி குச்சி குச்சியாக நீண்டதற்கும் காரணம் உண்டு. தொட்டிச் செடி அடக்கமாக, பந்துபோல இருப்பதற்குப் பண்ணைகளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளிப்பது வழக்கம். சில மாதங்களில் அந்த மருந்தின் வேகம் குறைந்ததும் செடி தன் இயல்புக்கு நீளும். நிழலான நடைபாதை என்றால் இன்னும் நீளும். இதில் உங்கள் கைத்தவறு ஒன்றுமில்லை.

இனி முட்டை ஓடு. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் போட்டுப் பழகிய கை நம்முடையது. ஆனால் அசேலியா புளிப்பு மண்ணில் வாழும் செடி. மண்ணின் பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும். முட்டை ஓடு சுண்ணாம்பு. மண்ணின் புளிப்பை அது குறைத்துவிட்டால், இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நல்ல வேளை, முட்டை ஓடு மெதுவாகத்தான் கரையும். அதனால் இலையைக் கொட்டியது அது என்று சொல்லமாட்டேன். என் சந்தேகம் வேர் அழுகல் மேல். நம் ஊர் வெப்பத்தில், எந்நேரமும் ஈரமாக இருக்கும் பீட் (மக்கிய பாசி) மண்ணில், அரிசித் தண்ணீரும் உருகிய ஐஸும் சேர்ந்தால் வேரழுகல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

நீங்களே பார்த்துவிடலாம். தொட்டியைச் சாய்த்து மண்ணுருண்டையை அப்படியே உருவுங்கள். நல்ல வேர் தலைமுடி போல மெல்லிசாக, வெளிர் பழுப்பாக, மண்ணை வலைபோட்டுப் பிடித்திருக்கும். அழுகிய வேர் கருப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தால் மேல்தோல் கழன்று வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் நிற்கும். பிறகு தண்டின் அடியில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

வேர் நன்றாக இருந்தால், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, மேல்மண் தொட்டால் காயத் தொடங்கும்போது தண்ணீர் விடுங்கள். பீட் மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியோடு வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி நிற்கும் வரை வைத்து எடுத்து வடிய விட வேண்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது, ஏடிஸ் கொசு சோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். இப்படியெல்லாம் பார்த்தாலும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு சுமாரான பச்சைச் செடி. வேர் அழுகியிருந்தால் மண்ணோடு கட்டி எறிந்துவிடுங்கள். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், அந்த இடத்தில் குட்டை இட்லிப்பூ வைப்பேன். வெட்சி என்று நாம் கோயிலுக்குக் கட்டும் அதே பூதான். அதன் குட்டை வகை முழங்கால் உயரத்தில் அடர்த்தியாக நின்று, வெயில் படும் நடைபாதையில் வருஷம் முழுக்கப் பூக்கும். அதுவும் புளிப்பு மண் விரும்பி. முட்டை ஓட்டை அதற்கும் போட வேண்டாம். வெயில் அதிகம் என்றால் காகிதப்பூவோ அடினியமோ வைக்கலாம். ‘சிங்கப்பூர் ரோடோடென்ட்ரான்’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய செண்டுடுக் செடியும் உண்டு. அசேலியாவுக்குச் சொந்தமே இல்லை, ஆனால் ஊதா இதழோடு நம் மண்ணில் தானாக முளைக்கும். அதன் பழம் தின்ற பிள்ளைகளின் நாக்கு கருத்திருக்கும், உங்கள் தலைமுறைக்குத் தெரிந்திருக்கும். எதை வைத்தாலும் நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விடுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் தொட்டி வேண்டவே வேண்டாம்.

கிறைஸ்ட்சர்ச் தோட்டம்

உங்கள் அக்கறையைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அங்கே குளிர் இருக்கிறது, பனி இருக்கிறது, செடி குருமே வகையாக இருந்தால் பல பத்தாண்டுகள்கூட நிற்கும். கடிதத்தில் சிற்றிலை, இடுப்புக்குக் கீழான உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த வகையாகத்தான் தெரிகிறது. ஜப்பானில் கியூஷு தீவின் குருமே நகரத்தில் பெருக்கியது. 1918இல் செடி சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் அங்கே போய் 50 வகைகளைத் தேர்ந்தெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிய பிறகு மேல்நாட்டுத் தோட்டங்களில் பரவியது.

இன்றைக்கே மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியது, சாம்பலை நிறுத்தச் சொல்வது. கத்தரிக்கும் அவரைக்கும் நம் ஊரில் சாம்பல் தூவியது சரி. விறகுச் சாம்பல் கடுமையான காரம். முட்டை ஓடுபோல மெதுவாக வேலை செய்யாது, ஒரு மழையில் இறங்கிவிடும். மேலாக இருப்பதை இப்போதே கையால் வழித்து எடுக்கட்டும். மண்வெட்டி போட்டுக் கொத்த வேண்டாம், அசேலியாவின் வேர் மேல் மண்ணிலேயே பாய்போல் படர்ந்திருக்கும். சாம்பலைக் கோஸ் பாத்திக்குக் கொடுக்கலாம். புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவும் வழக்கம் அங்கே இருந்தால் அதுவும் இந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளட்டும்.

மஞ்சள் செடிக்குக் காரணம் சாம்பல் மட்டுமாக இராது. சிமெண்டுத் தளத்திலிருந்தும் சுண்ணாம்பு மழைநீரில் கசிந்து வரும். ஒரு இலையைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கிளை நுனியின் இளம் இலை மஞ்சளாகவும் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகவும் இருந்தால் இரும்புப் பற்றாக்குறை. முழு இலையும் வெள்ளி பூசியதுபோல் வெளுத்து, அடியில் கருப்புப் புள்ளி இருந்தால் அது இலைப்பேன், அதற்கு வேறு வைத்தியம். முதல் வகை என்றால் கடையில் கிடைக்கும் மண் பரிசோதனைப் பெட்டியால் பிஎச் பார்க்கட்டும். 6.5க்கு மேல் இருந்தால் இரும்புக் கரைசல் தெளித்து ஒரு பருவம் சமாளிக்கலாம். கந்தகத் தூள் மண்ணை மாற்றும், ஆனால் மாதக் கணக்கில் ஆகும். சிமெண்டு கசிந்துகொண்டே இருக்கும் இடத்தில் இதெல்லாம் முடிவில்லாத வேலை. செடியையே இடம் மாற்றுவதுதான் உருப்படியான வழி. வேர் ஆழமில்லாததால் வயதான அசேலியாவைக்கூட அகலமான மண்தட்டோடு பெயர்த்து வைக்கலாம். அங்கே குளிர்காலக் கடைசியான ஆகஸ்ட் அதற்குத் தோதான நேரம்.

எங்கே வைப்பது என்று கேட்பார். அந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கமாகச் சுற்றி வரும். வடக்குச் சுவரடி சுடும். இலையுதிர்க்கும் சின்ன மரத்தின் கீழே, சல்லடை வெயில் படும் இடம் நல்லது. பனி உறைந்த மொட்டின்மேல் விடிந்ததும் நேர்வெயில் அடித்தால் கருகிவிடும், அதையும் பார்க்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சுக்கே உரிய வடமேற்குக் காற்று இன்னொரு எதிரி. சூடாக, வறட்சியாக அடிக்கும். காற்று வரும் என்று வானிலை சொன்னால் முதல் நாளே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். நடும்போது பழைய மட்டத்துக்குக் கீழே புதைக்கக் கூடாது, ஒரு விரல் மேலேயே நிற்கட்டும். களிமண் என்றால் மேடு கட்டி நட வேண்டும். மேலே பைன் ஊசியிலையோ மரப்பட்டைத் துண்டோ ஐந்து சென்டிமீட்டர் மூடாக்கு போட்டு, தண்டைச் சுற்றி மட்டும் விட்டுவிடலாம்.

பூ குறைந்ததற்குக் காரணம் நீங்கள் நினைப்பதுபோல் உரக் குறைவு இல்லை. ஜூனில் வெட்டியதுதான். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரையான கோடைக் கடைசியில், அடுத்த வசந்தத்துக்கான மொட்டு கிளை நுனிகளில் கட்டிவிடும். மகள் உருண்டையாக வெட்டியபோது வெட்டிப் போட்டதே பூக்களைத்தான். பூத்து முடியும் வரை கத்தரிக்கோல் எடுக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் பூ முடிந்தவுடன், டிசம்பர் நடுப்பகுதிக்குள் வெட்டட்டும். வேலி வெட்டுவதுபோல் மேலாக மொட்டையடிக்காமல், நீண்டு போகும் கிளையைச் செடிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக வெட்டினால் அடர்த்தியும் வடிவமும் தானாக வரும். உரமும் அப்போதுதான், புளிப்பு மண் செடிகளுக்கானது, அதுவும் குறைவாக.

இலை கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். என்றும் பசுமை என்று பெயர் இருந்தாலும் இந்த அசேலியாக்களுக்கு இரண்டு தலைமுறை இலை உண்டு. வசந்தத்தில் வந்த பெரிய இலை இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி விழும். கோடையில் வந்த சின்ன, தடித்த இலை கிளை நுனியில் குளிர்காலம் முழுக்க நிற்கும், சில வகைகளில் வெண்கல நிறமாகும். நுனியில் இலைக்கொத்து இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பேரனும் தீர்த்தச் சொம்பும்

போகிற போக்கில் சொன்ன இந்த இரண்டையும் நான் விட முடியாது. அசேலியாவின் இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. எச்சில் ஒழுகுவது, வாந்தி, தலைசுற்றல், நாடித்துடிப்பு குறைவது ஆகியவை அறிகுறிகள். பேரன் ஒரு இலையைக் கடித்துத் துப்பிவிட்டால் பெரிய ஆபத்து வருவது அரிது. ஆனாலும் வாயைத் துடைத்துவிட்டு உடனே கேட்டுவிட வேண்டும். நியூசிலாந்து தேசிய நச்சு மையத்தின் எண் 0800 764 766, மயக்கம், மூச்சுத் தடுமாற்றம் என்றால் 111. சிங்கப்பூரில் 995. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாய், பூனைக்கும் இது ஆகாது. அதற்காகச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பிள்ளை கண்டதையும் வாயில் வைக்கும் வயது கடக்கும் வரை சின்ன வலைவேலி போதும்.

பூவை முருகன் படத்துக்கு வைப்பதில் குற்றமில்லை. தீர்த்தத்தில் போட வேண்டாம். அது வாய்க்குப் போகும் தண்ணீர்.

பெட்டியில் கொண்டுபோவது

இங்கிருந்து கிளை கொண்டுபோக முடியாது, அம்மா. உயிருள்ள செடிப் பகுதிகளுக்கு நியூசிலாந்தில் இறக்குமதி விதிகளும் தனிமைப்படுத்தலும் உண்டு. பயணி பெட்டியில் வைத்துப் போவது நடக்காது. சொல்லாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ‘மறந்துவிட்டேன்’ என்பது எடுபடாது. பச்சைக் கறிவேப்பிலை, விதை, தோட்டத்தில் போட்ட மண் ஒட்டிய செருப்பு எல்லாம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் வருபவை. சந்தேகம் என்றால் இருக்கிறது என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகம் போனால் பறிமுதல் செய்வார்கள், அவ்வளவுதான். உங்கள் செடியில் வேரழுகல் இருந்தால் அது மகளின் தோட்டத்துக்கும் போய்ச் சேரும் என்பதையும் யோசியுங்கள்.

திரும்பும்போது கொண்டுவருவதற்கும் அந்த நாட்டின் செடிநலச் சான்றிதழும் நம் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அவ்வளவும் செய்து இங்கே கொண்டுவந்தாலும் 25 டிகிரி இரவு காத்திருக்கிறது. நான் செய்யமாட்டேன்.

அக்டோபரில் அங்குள்ள செடிக்கடைக்கு மகளோடு போங்கள். பூத்திருக்கும் நேரம், நிறம் பார்த்து வாங்கலாம். குருமேயில் ‘கிரின்’ என்ற வகை, ஒரு பூவுக்குள் இன்னொரு பூ செருகியதுபோல் இளஞ்சிவப்பாகப் பூக்கும். இன்னும் குட்டையாக, தரையோடு வேண்டுமென்றால் சட்சுகி என்ற இன்னொரு ஜப்பானிய வகையில் ‘கும்போ’ இருக்கிறது. மற்றவை முடிந்த பிறகு தாமதமாகப் பூக்கும், அதனால் நீங்கள் போகும்போது மொட்டாகத்தான் கிடைக்கும். பெரிய பூவோடு பளபளப்புத் தாள் சுற்றிய இண்டிகா தொட்டியை மட்டும் தோட்டத்துக்கென்று எடுக்காதீர்கள், கடும் பனியில் அது நிற்காது. பணம் கொடுப்பதற்கு முன் தொட்டியை உருவி வேரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் வேறு செடி கேளுங்கள். வேறு இல்லையென்றால், நடுவதற்கு முன் அந்த வேர்ச்சுற்றை விரலால் பிரித்து வெளிப்பக்கமாக விரித்து விடச் சொல்லுங்கள்.